பெலாவ் எங்கே பிசகுகிறது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கரீபியத் தீவான டிரினிடாட்டில் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் சட்டியோடு தூக்கிக்கொண்டு போகும் சாப்பாடு பெலாவ். சர்க்கரையை எண்ணெயில் கருக்கி, அதில் கோழியைப் புரட்டி, துவரை, புழுங்கல் அரிசி, தேங்காய்ப்பால் சேர்த்து ஒரே சட்டியில் வற்ற விடுவார்கள். பெயரில் நம் புலாவுக்கு உறவு. ஆனால் புலாவ் செய்யும் பழக்கத்தில் கையை வைத்தால் பெரும்பாலும் நிறத்திலோ தண்ணீரிலோ தவறிவிடும்.

கீழே சொல்லும் எல்லாத் திருத்தங்களுக்கும் இந்த அளவுதான் அடிப்படை. ஆறு பேருக்கு: எலும்போடு வெட்டிய கோழி 1.2 கிலோ, நீள அரிசியில் புழுங்கல் 2 கப் (கப் என்பது 240 மி.லி.), வெந்த துவரை ஒன்றரை கப், பிரவுன் சுகர் 3 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், தேங்காய்ப்பால் 1 கப், தண்ணீர் இரண்டரை கப், பறங்கித் துண்டுகள் 1 கப், ஒரு கேரட், ஒரு வெங்காயம், காம்போடு ஒரு முழு மிளகாய். கோழியில் தடவும் பச்சை மசாலாவுக்கு ஷேடோ பெனி இலை, தைம், வெங்காயத்தாள், பூண்டு. ஷேடோ பெனி என்பது ஓரம் முள்முள்ளாக இருக்கும் நீள இலை. அங்குள்ள இந்திய வம்சாவளியினர் பந்தானியா என்பார்கள். கிடைக்காவிட்டால் கொத்தமல்லியை இரண்டு மடங்கு போடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். கோழி விழும்வரை எந்தப் பிழைக்கும் விலை மூன்று கரண்டி சர்க்கரைதான். கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். அரிசி விழும்வரை நிறம், உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் திருத்தலாம். அரிசி விழுந்த பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது தீயும் மூடியும்தான். அதனால் சந்தேகம் வந்தால் அரிசிக்கு முன்பே நின்று பாருங்கள்.

அறிகுறி: நிறம் வெளிறிக் கிடக்கிறது, மஞ்சள் சாதம் போல இருக்கிறது

முதல் காரணம், சர்க்கரையைப் பயந்து சீக்கிரம் நிறுத்தியது. பத்துக்கு எட்டு வெளிறிய சட்டிகள் இப்படித்தான் வருகின்றன. நடுத்தரத் தீயில் எண்ணெய் சூடானதும் சர்க்கரையைப் பரவலாகத் தூவுங்கள். முதலில் ஓரம் உருகும், பிறகு ஈரமணல் போலக் கட்டிகட்டியாகத் திரளும். அது கரைந்து தேன் நிறப் பாகாகும். பலர் இங்கேயே கோழியைப் போட்டுவிடுகிறார்கள். இது மிட்டாய்ப் பதம், பெலாவ் பதம் இல்லை. இன்னும் காத்திருந்தால் விளிம்பிலிருந்து நுரை கிளம்பி நடுவை நோக்கி வரும். நுரைக்குள் தெரியும் பாகு செம்பழுப்பாகி, பிறகு திக்கான காபி டிக்காஷன் நிறத்துக்கு இறங்கும். குமிழிகள் பெரிதாகி, மெல்லிய புகை ஒரு கோடாக எழும்பும். அந்த நேரத்தில் கோழி சட்டியில் இருக்க வேண்டும். சர்க்கரை தூவியதிலிருந்து இதுவரை 3 முதல் 5 நிமிடம் ஆகும். கடைசிப் பதத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்து விநாடி. ஆகவே கோழிப் பாத்திரம் அடுப்பின் பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

இரண்டாவது காரணம், கோழி ஈரமாக விழுந்தது. மசாலாத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டால் பாகு அதிலேயே கரைந்து நீர்த்துப்போகும். துண்டுகளை மட்டும் கையால் வழித்து எடுத்துப் போடுங்கள். பாத்திரத்தில் தங்கிய மசாலாவைப் பிறகு தண்ணீரோடு சேர்க்கலாம்.

மூன்றாவது, அளவு. இரண்டு கிலோ கோழிக்கும் அதே மூன்று கரண்டி சர்க்கரை போதாது; ஒரு கரண்டி கூட்டுங்கள்.

அரிசி போடும் முன் கண்டுபிடித்தால் திருத்தம் உண்டு. சின்ன வாணலியில் 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரையைத் தனியாகக் கருக்கி, அடுப்பை அணைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு கால் கப் வெந்நீர் ஊற்றுங்கள். சீறித் தெறித்து அடங்கியதும் சட்டியில் கலந்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் பிரவுனிங் சாஸ் இருந்தால் 1 டீஸ்பூனில் தொடங்கலாம். அரிசி வெந்த பிறகு நிறம் ஏற்ற முயலாதீர்கள். கிளறுவதில் அரிசி உடையும், நிறமும் திட்டுத்திட்டாக நிற்கும்.

அறிகுறி: கசக்கிறது

*பாகு கட்டத்திலேயே தெரிந்தால்:* நுரை அடங்கிக் கறுத்துவிட்டதா, புகை கண்ணை எரிக்கிறதா, மூக்கில் தீய்ந்த வாடை அடிக்கிறதா? கோழியைப் போடாதீர்கள். அடுப்பை அணைத்துப் பாகு ஆறியதும் வழித்துக் கொட்டி, சட்டியைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள். "கோழி போட்டால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையில்தான் முழுச் சமையலும் போகிறது. சரியாகாது.

*கோழி புரட்டிய பிறகு தெரிந்தால்:* அடியில் ஊறிய சாற்றை ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து நக்கிப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் லேசாக இழுத்தால், பறங்கியை இரண்டு மடங்காக்கி, தண்ணீரில் அரை கப்பைக் குறைத்துத் தேங்காய்ப்பாலை அரை கப் கூட்டுங்கள், அடங்கிவிடும். மருந்து போலக் கசந்தால் துண்டுகளை வெளியே எடுத்து வெந்நீரில் அலசி, நீர் வடிந்ததும் புதுப் பாகில் போடுங்கள். மசாலாவில் பாதியை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

*அரிசி வெந்த பிறகு தெரிந்தால்:* வழி இல்லை. சர்க்கரை போட்டு மறைக்க நினைத்தால் இனிப்பும் கசப்பும் தனித்தனியே நாக்கில் நிற்கும்.

அடிக்கடி கசந்தால் சர்க்கரை வகையைப் பாருங்கள். நாட்டுச் சர்க்கரையும் வெல்லத்தூளும் ஒரே சீராகக் கருகாது. ஒரு பக்கம் உருகும்போதே மறுபக்கம் தீயும். வெள்ளைச் சீனி கொஞ்சம் மெதுவாக நிறம் மாறினாலும் நிறம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். புதிதாகச் செய்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். உள்பக்கம் கறுப்பாக இருக்கும் நான்ஸ்டிக் சட்டியில் பாகின் நிறமே தெரியாது. அதில் தவறுவது செய்பவர் குற்றமில்லை, சட்டியை மாற்றுங்கள்.

அறிகுறி: கோழி விழுந்ததும் பாகு கல்லாகிக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது

கோழி ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கும். பயப்பட வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். கோழி விடும் நீரிலேயே கட்டி கரைந்துவிடும். அடுத்த முறை அரை மணி முன்னதாக வெளியே எடுத்து வைத்தால் போதும்.

அறிகுறி: சாதம் குழைந்து களியாகிவிட்டது

முதலில் ஒரு கேள்வி: இது பிழைதானா? டிரினிடாட்டிலேயே உதிரியாகக் கேட்கும் வீடும் உண்டு, ஈரமாகத் தளதளவென்று கேட்கும் வீடும் உண்டு. அரிசி முழுசாக இருந்து ஈரமாக இருந்தால் அது ஒரு பக்குவம். அரிசி வாய் பிளந்து மாவு வெளியே வந்திருந்தால்தான் பிழை. அதற்கான காரணங்கள் இந்த வரிசையில்:

கிளறியது. தண்ணீர் கொதித்ததும் ஒரே ஒரு முறை அடிவரை கிளறிவிட்டு மூட வேண்டும். அதன்பின் கரண்டியைத் தொடக்கூடாது.

கோழித் தண்ணீர் சுண்டவில்லை. இது கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும் காரணம். பாகில் புரட்டிய கோழி மூடிய சட்டியில் ஒரு கப் வரைகூட நீர் விடும். மூடியைத் திறந்து, அந்த நீர் முழுதும் வற்றும்வரை வதக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். வற்றியதா என்று பார்க்க, துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சட்டியின் அடியில் எண்ணெய் மட்டும் சலசலத்தால் சரி. குழம்பு போல ஏதாவது மெதுவாக ஓடி வந்து இடத்தை நிரப்பினால் இன்னும் வற்றவில்லை.

பறங்கி பொடியாக நறுக்கப்பட்டது. பொடியாக இருந்தால் கரைந்து தண்ணீரும் விடும். இரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள்.

அரிசி வகை. பச்சரிசியும் சாதாரண பாசுமதியும் இந்த நேரத்துக்குத் தாங்காது. இந்தியக் கடைகளில் கிடைப்பதில் கரீபியப் புழுங்கலுக்கு மிக நெருக்கமானது சேலா பாசுமதி. அரை மணி ஊறவைத்து வடித்துப் போடுங்கள். பொன்னி புழுங்கலில் செய்யலாம், ஆனால் தண்ணீர் ஒரு கப்பும் நேரம் பத்து நிமிடமும் கூடும். இட்லி அரிசி வேண்டாம்.

குழைந்ததைக் காப்பாற்ற, மூடியைத் திறந்து தீயை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அகலமான தட்டில் பரப்பினால் ஆவி போய்க் கொஞ்சம் இறுகும். களியானதைத் திரும்ப உதிரியாக்க முடியாது.

அறிகுறி: தண்ணீர் வற்றிவிட்டது, அரிசி நடுவில் விறைப்பாக இருக்கிறது

- *மேல் அரிசி மட்டும் வேகவில்லை, அடி வெந்திருக்கிறது:* ஆவி வெளியேறுகிறது. மூடிக்கும் சட்டிக்கும் நடுவே ஃபாயில் அல்லது ஈரத்துணி மடித்து வைத்து, மேலே கனம் ஏற்றுங்கள். துணியின் ஓரம் தீப்பக்கம் தொங்கக்கூடாது. கால் கப் வெந்நீரை மேலே தெளித்து, மிகச் சிறு தீயில் பத்து நிமிடம் தம்மில் விடுங்கள்.
- *எல்லா இடமும் விறைப்பு:* தண்ணீர் குறைவு, அல்லது தீ அதிகமாகி வேகும் முன்பே வற்றிவிட்டது. அரை கப் வெந்நீரை ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள், நடுவில் வேண்டாம். குளிர்ந்த நீர் ஊற்றினால் அரிசி விறைத்துக்கொள்ளும்.
- *ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் வேகவில்லை:* அடுப்பு அல்லது சட்டி. வெறும் சட்டியில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, குமிழி எங்கே முதலில் வருகிறது என்று பாருங்கள். சட்டியைப் பாதி வட்டம் திருப்புங்கள். குமிழி சட்டியோடு நகர்ந்தால் அடி கோணியிருக்கிறது. இருந்த இடத்திலேயே நின்றால் பர்னர் துளை அடைத்திருக்கிறது. பர்னர் மூடியைக் கழற்றி ஊசியால் துளைகளைக் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பிறகும் சுடர் மஞ்சளாக எரிந்து சட்டியின் அடியில் கரி படிந்தால் அடுப்பு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். ஜெட்டையும் காற்று வழியையும் நீங்களே கழற்றாதீர்கள். காஸ் வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து அழையுங்கள்.

அறிகுறி: அடிப்பிடித்துவிட்டது

மெல்லிய பொன்னிறப் பொருக்கு என்றால் மகிழுங்கள். அங்கே அதற்கு பன்-பன் என்று பெயர், சுரண்டிச் சாப்பிடப் பிள்ளைகள் போட்டி போடும். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால்தான் வேலை.

உடனே அடுப்பை அணைத்து, கிளறாமல், சட்டியை ஈரத்துணி மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். மேல் முக்கால் பாகத்தை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியைச் சுரண்டினால் தீய்ந்த வாடை முழுக்கப் பரவும்.

காரணம் பெரும்பாலும் தீ. தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கியதும் தீயை ஆகக் குறைக்க வேண்டும். தீ சரி என்றால், தேங்காய்ப்பால் மிகத் திக்காக இருந்து அடியில் தங்கியிருக்கும். தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். கெச்சப் ஊற்றுபவர்கள் அதையும் தண்ணீரில் கரைத்துவிடுங்கள், அதிலுள்ள சர்க்கரை அடியில் பிடிக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் பிடித்தால் சட்டி மெல்லியது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்து அதன் மேல் சட்டியை வைத்தால் செலவில்லாமல் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு அடிகனமான வார்ப்புச் சட்டிதான்.

அறிகுறி: துவரை கடிக்க முடியவில்லை

டிரினிடாட்டில் கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கும் பருவத்தில் பச்சைத் துவரை கிடைக்கும். அதை இருபது நிமிடம் வேகவைத்தால் போதும். டின்னில் வருவது வெந்தேயிருக்கும். தொல்லை காய்ந்த துவரையில்தான். இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம் ஊறியதா? குக்கரில் தனியாக வெந்ததா? எலுமிச்சை படாமல் வெந்ததா? இந்த மூன்றையும் பாருங்கள். விரலுக்கு நடுவே நசுக்கினால் நசுங்க வேண்டும். தோல் மட்டும் வழுக்கிப் போனால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். எல்லாம் செய்தும் வேகவில்லையானால் துவரை பழையது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா உதவும். அதற்கும் அசையாவிட்டால் அந்தப் பையை விட்டுவிட்டு டின் வாங்குங்கள். சட்டிக்குள் அரிசியோடு சேர்ந்து வெந்துவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். அரிசி வேகும் நேரம் துவரைக்குப் போதாது.

அறிகுறி: கோழி சரியில்லை

*எலும்போரம் சிவப்பாக இருக்கிறது:* நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இளங்கோழியின் எலும்போரம் வெந்த பிறகும் சிவந்திருக்கும். எலும்பைத் தொடாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையேல் மூடி, சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம்.

*நார் நாராக வறண்டிருக்கிறது:* நெஞ்சுக்கறி போட்டிருப்பீர்கள். தொடையும் காலும் போடுங்கள். நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றால் பாகில் புரட்டி எடுத்துவைத்து, அரிசி பாதி வெந்ததும் மேலே பதித்து மூடுங்கள்.

*கவுச்சி வாடை:* எலுமிச்சைச் சாறு ஊற்றிய நீரில் அலசிய பின், பச்சை மசாலாவில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறினால் இன்னும் நல்லது.

அறிகுறி: காரம் தாங்கவில்லை

மிதக்கவிட்ட முழு மிளகாய் வெடித்துவிட்டது. அங்கே போடும் கொங்கோ, ஸ்காட்ச் பானெட் என்ற கடுங்கார மிளகாய்கள் வாசனைக்காகப் போடுபவை. காம்பு ஒட்டியிருக்க வேண்டும், தோலில் கீறல் இருக்கக்கூடாது, அரிசி மேல் உட்கார வைக்க வேண்டும், கிளறும்போது கரண்டி படக்கூடாது. வெடித்தால் உடனே எடுத்து, சுற்றியிருக்கும் ஒரு பிடி அரிசியையும் விதையோடு அள்ளி எறியுங்கள். கால் கப் தேங்காய்ப்பாலை மேலே தெளித்துத் தம்மில் விடுங்கள். பரிமாறும்போது பக்கத்தில் வெண்ணெய்ப் பழம் வையுங்கள். அங்கேயும் அதுதான் துணை. கையில் மிளகாய் பட்டிருந்தால் சோப்பால் கழுவும்முன் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் அடங்கும்.

அறிகுறி: உப்புக் கரிக்கிறது, அல்லது மேலே எண்ணெய் மிதக்கிறது

சிலர் கடைசியில் சேர்க்கும் மார்ஜரினில் உப்பு உண்டு. டிரினிடாட்டின் கோல்டன் ரே மார்ஜரின் போன்றது என்றால் அரிசிக்கு முன் சாறு "இன்னும் கொஞ்சம் உப்பு போடலாமோ" என்னும் அளவில் நிற்க வேண்டும். ஸ்டாக் கட்டியும் போட்டால் தனி உப்பு தேவையே இல்லை. உப்பு ஏறிவிட்டால் வேகவைத்த உப்பில்லாத துவரையும் பறங்கியும் அரை கப் சேருங்கள்.

எண்ணெய் மிதப்பது தேங்காய்ப்பால் பிரிந்ததாலும் கோழிக் கொழுப்பாலும். சுவைக்குக் கேடில்லை. கோழித்தோலை எடுத்துவிட்டுச் செய்தால் குறையும்.

அறிகுறி: ஆறு பேருக்கு நன்றாக வந்தது, முப்பது பேருக்குக் கெட்டது

தண்ணீரை ஐந்தால் பெருக்கியிருப்பீர்கள். பெரிய சட்டியில் ஆவியாகும் பங்கு குறைவு. பெருக்கி வந்ததில் எட்டில் ஒரு பங்கைத் தனியே வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் ஊற்றுங்கள். சட்டியில் உயரம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் அடி குழையும், மேல் வேகாது. ஒரு பெரிய சட்டியை விட இரண்டு நடுத்தரச் சட்டி மேல். கருக்கிய பாகை எப்போதும் சிறு அளவில் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐம்பது பேரைத் தாண்டினால் வீட்டு பர்னரின் சூடு போதாது. பெரிய அடுப்பும் பழகிய கையும் உள்ள சமையல்காரரிடம் கொடுங்கள்.

அறிகுறி: கொண்டுபோன இடத்தில் புளித்த வாடை, நூல் நூலாக இழுக்கிறது

ருசி பார்க்க வேண்டாம். கொட்டிவிடுங்கள். தேங்காய்ப்பாலும் சோறும் கோழியும் சேர்ந்தது வெயிலில் வேகமாக ஊசும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயிலடித்தால் ஒரு மணி நேரம்தான். சூடாகவே கொண்டுபோவதானால் சட்டியைத் துணியில் சுற்றி வெப்பப்பெட்டியில் வைத்து, 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதை ஆழமில்லாத தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். சாப்பிட்ட பின் ஓயாத வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சிறுநீர் குறைவு இருந்தால், குழந்தைக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் முன்னதாகவே, மருத்துவரிடம் போங்கள்.

பாகு தீப்பிடித்தால், தோலில் பட்டால்

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, முழுதும் ஆறும்வரை திறக்காதீர்கள். மூடிய பிறகும் அணையாவிட்டால் வீட்டை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

கருகிய பாகு கொதிநீரை விட அதிகச் சூடு. தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டேயிருக்கும். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிய பாகைப் பிய்க்க வேண்டாம், பற்பசையும் மாவும் ஐஸும் வேண்டாம். முகம், மூட்டு, உள்ளங்கை ஆகிய இடங்களில் பட்டாலும், கொப்புளம் உங்கள் கையளவுக்குப் பெரிதானாலும், தோல் வெளுத்து உணர்வற்றுப் போனாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.